ஆப்பிளுக்குத் துரு நோய் வரும் வழி

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஆப்பிள் இலைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றினால், அருகில் ஜூனிபர் மரம் இருக்கிறது என்று பொருள். இந்தத் துருப் பூசணம் வாழ இரண்டு மரங்களும் தேவை.

வசந்தகால மழையில் ஜூனிபர் கிளைகளிலுள்ள முடிச்சுகளிலிருந்து கூழ் போன்ற கொம்புகள் நீளும். அவற்றின் வித்துக்கள் 2 மைலுக்கு மேலும் காற்றில் பரவி ஆப்பிளைத் தாக்கும். ஆப்பிளில் உண்டாகும் வித்துக்கள் ஜூனிபரை மட்டுமே தாக்கும். மற்றோர் ஆப்பிள் மரத்தைத் தாக்குவதில்லை.

எனவே வர்ஜீனியா மாநிலம் 1914-ல் சட்டமியற்றி, தோட்டங்களுக்கு அருகிலுள்ள ஜூனிபர்களை வெட்டச் செய்தது. மரத்தின் மதிப்புக்கு நஷ்டஈடு இல்லை. 1928-ல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது.

'கோல்டன் டெலிசியஸ்' ரகம் இந்நோய்க்கு எளிதில் இலக்காகும். 'ரெட் டெலிசியஸ்' தாங்கி நிற்கும். புதிதாக நடுவோர் நோயைத் தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனமான வழி.