எந்த ஸ்டிக்லி செய்த நாற்காலி?

1988ல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில் நடிகை பார்பரா ஸ்ட்ரைசாண்ட் ஓர் ஓக் மர அலமாரியை 3,63,000 டாலருக்கு வாங்கினார். பூவேலை கிடையாது, பளபளப்பும் இல்லை. விலை, அதைச் செய்த கஸ்டவ் ஸ்டிக்லியின் பெயருக்கு. அவர் தன் சொந்த வீட்டில் வைத்திருந்தது என்பது கூடுதல் கவர்ச்சி. தாத்தா காலத்து ஓக் நாற்காலி வைத்திருக்கும் அமெரிக்கர்களுக்கு ஆசை வராதா?

சிக்கல் என்னவென்றால், ஸ்டிக்லிகள் ஐந்து பேர். அண்ணன் தம்பிகள் ஐவருக்கும் ஒரே தொழில். மூத்தவர் கஸ்டவுக்கு சிரக்யூஸ் நகரருகே பட்டறை. லியோபோல்டும் ஜான் ஜார்ஜும் சில மைல் தள்ளி ஃபேயட்வில்லில். ஆல்பர்ட் மிச்சிகனில், சார்லஸ் பிங்ஹாம்டனில். இயந்திரம் கக்கிய மலிவு அலங்காரத்தை எதிர்த்து இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் போன்றவர்கள் கிளப்பிய ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் அலையில் எல்லோரும் நேர்க்கோட்டு நாற்காலி செய்தார்கள். சந்தையில் அதிக மதிப்பு மூத்தவருக்குத்தான்.

கஸ்டவின் அடையாளம் தச்சரின் கவராயம். உள்ளே 'என்னால் முடிந்தவரை' என்று பொருள்படும் பிளெமிஷ் வாசகம். முதலில் சிவப்பு ஒட்டுப்படம், பின்னாளில் சூட்டு முத்திரை. ஒட்டுப்படம் உரிந்துபோகும், புதிதாக ஒட்டவும் முடியும். எனவே முத்திரையை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பது அசட்டுத்தனம்.

நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பதே மேல். ஓக் மரத்தை நடுவிலிருந்து ஆரம்போல அறுத்தால் வெள்ளி வரிகள் தெரியும். ஆனால் கட்டையின் எதிரெதிரான இரு முகங்களில் மட்டுமே. ஃபேயட்வில் சகோதரர்கள் வரியுள்ள நான்கு பலகைகளைக் கூம்பிய விளிம்போடு ஒரு நடுக்கட்டையைச் சுற்றி ஒட்டினார்கள். நான்கு பக்கமும் வரி! காலின் அடியில் இந்தச் சேர்க்கை தெரிந்தால் அது வலுவான தடயம். பிறகு உயரம், அகலம், முதுகுச் சட்டங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பழைய விலைப்பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும். நிறம் உதவாது. அம்மோனியா ஆவியில் ஓக்கைக் கறுக்க வைப்பது பல பட்டறைகளின் வழக்கம். மெருகேற்றுகிறேன் என்று உப்புத்தாள் போட்டால் அந்த நிறமும் போகும், விலையும் போகும்.

ஃபேயட்வில் சகோதரர்கள் நிறுவிய கம்பெனி 1989ல் பழைய வடிவங்களை மறுபடி செய்யத் தொடங்கியது. அவற்றில் முதலில் வந்தவற்றுக்கே இப்போது 35 வயது தாண்டிவிட்டது.