கரகரப்பு ரேடியோவில் இல்லை, விளக்கில்

வெளியில் வாங்கிய எல்.இ.டி. பல்பைக் காரில் மாட்டியபின், ஹெட்லைட்டைப் போட்டாலே எஃப்.எம். கரகரக்கிறது என்பது பலரும் சொல்லும் புகார். விளக்கை அணைத்தால் பாட்டு தெளிகிறது. போட்டால் மறுபடியும் இரைச்சல். இதற்குக் கடைகளில் சொல்லப்படும் வைத்தியம் பெரும்பாலும் ரேடியோவைக் குறிவைத்தே இருக்கிறது: ஆன்டெனாவை மாற்றுங்கள், பூஸ்டர் போடுங்கள், ஸ்டீரியோ பழசாகிவிட்டது. இது வீண் செலவு. பூஸ்டர் பாட்டைப் பெருக்கும்போது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். விளக்கை அணைத்ததும் சரியாகிவிடும் ரேடியோவில் என்ன பழுது இருக்க முடியும்? சரிசெய்ய வேண்டியது விளக்கைத்தான். சரிசெய்ய முடியாவிட்டால் கழற்ற வேண்டியதும் அதைத்தான்.

பழைய ஆலஜன் பல்பு ரேடியோவைத் தொந்தரவு செய்ததே இல்லை. நம் சிறிய கார்களில் அதிகம் காணப்படும் எச்4 பல்பு 12 வோல்ட், 60/55 வாட். உள்ளே இருப்பது வெறும் டங்ஸ்டன் இழை. பேட்டரியின் சீரான மின்சாரம் அதில் ஓடுகிறது, இழை ஒளிர்கிறது, அவ்வளவுதான். எல்.இ.டி.யை அப்படி நேரடியாகப் பேட்டரியில் கொடுக்க முடியாது. என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டையும் தாண்டும், எல்.இ.டி.க்கோ மாறாத அளவு மின்னோட்டம் வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் பல்பின் வாலிலோ ஒயரில் தொங்கும் சிறு டப்பாவிலோ டிரைவர் என்ற சுற்று இருக்கிறது. மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டிக் கொடுப்பது அதன் வேலை. இரைச்சல் பிறப்பது இந்த வெட்டில்தான். நொடிக்கு 3 லட்சம் முறை, அதாவது 300 கிலோஹெர்ட்ஸில் வெட்டினால், அதன் மடங்குகளும் கூடவே எழும். 338-ஆவது மடங்கு 101.4 மெகாஹெர்ட்ஸ், சென்னை வானொலியின் எஃப்.எம். ரெயின்போ ஒலிபரப்பாகும் அதே இடம். 88 முதல் 108 வரையிலான எஃப்.எம். பட்டைக்குள் மட்டும் இப்படி 60-க்கும் மேற்பட்ட மடங்குகள் விழுகின்றன. மலிவான டிரைவரின் வேகம் நிலையாக நிற்பதும் இல்லை. அதனால் ஒவ்வொரு மடங்கும் அக்கம்பக்கத்தில் பரவி எல்லா நிலையங்களையும் தொடுகிறது. இந்த அலையைக் காற்றில் அனுப்பும் ஆன்டெனாவும் காரிலேயே தயாராக இருக்கிறது. எஃப்.எம். அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் கால்பங்கான 75 சென்டிமீட்டர் ஒயர் இருந்தாலே நல்ல ஆன்டெனா. பானட்டுக்குள் ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயரின் நீளமும் கிட்டத்தட்ட அதுதான்.

அப்படியானால் ஊருக்குள் ஏன் கரகரப்பதில்லை என்று கேட்கலாம். ரேடியோமேல் சந்தேகம் விழுவதற்குக் காரணமே இதுதான். சந்தை இரைச்சலிலும் பக்கத்தில் நிற்பவர் பேச்சு கேட்கும், நாலு கடை தள்ளி நிற்பவர் பேச்சு கேட்காது. எஃப்.எம். ரேடியோவும் வலுவான அலை வரும்வரை இரைச்சலை அமுக்கிவிடும்; ஒலிபரப்புக் கோபுரத்தை விட்டு விலகி நெடுஞ்சாலையில் போகப் போக நிலையம் மெலிந்து இரைச்சல் மேலே வரும். விளக்கு நம்மிடமிருந்து பறிப்பது தூரத்தை. கடலில் இதன் ஆபத்து பெரிது. கப்பல்களில் எல்.இ.டி. விளக்குகள் வி.எச்.எஃப். ரேடியோவையும், கப்பல் அடையாளத்தைத் தானாக அறிவிக்கும் கருவியையும் மங்கச் செய்வதாக அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் பாதுகாப்பு எச்சரிக்கையே வெளியிட்டது. அது சொன்ன சோதனை எளிது: ரேடியோவை அமைதியான சேனலில், இரைச்சல் அடங்கும் விளிம்பில் வைத்துவிட்டு எல்.இ.டி.யைப் போட வேண்டும். இரைச்சல் எழுந்தால் குற்றவாளி விளக்கு.

கம்பெனியிலேயே எல்.இ.டி. ஹெட்லைட்டோடு வரும் கார்களில் எஃப்.எம். நன்றாகத்தானே பாடுகிறது என்பது நியாயமான கேள்வி. அதுவே என் வாதத்துக்கு வலுவான சான்று. எல்.இ.டி. என்ற தொழில்நுட்பம் குற்றமற்றது; விடுபட்டது வடிகட்டி. ரேடியோ இடையூறைக் கட்டுப்படுத்துவதற்கென்றே சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு 1934-இல் பாரிஸில் கூடியது. வண்டியிலுள்ள ரேடியோவை அதே வண்டியின் மின்கருவிகளிடமிருந்து காக்க அது வகுத்த தரம் சிஸ்பர் 25. கார் நிறுவனங்கள் உதிரிபாகங்களை இந்தத் தரப்படி சோதித்தே வாங்குகின்றன. அதற்காக டிரைவருக்குள் வைக்கப்படும் சுருளும் மின்தேக்கியும் உலோக உறையும் விலையைக் கூட்டுபவை. கடைப் பல்பில் முதலில் கைவைக்கப்படுவது இவற்றில்தான்.

வைத்தியத்தைச் சோதனையிலிருந்து தொடங்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டு பென்டிரைவில் ஒரு பாட்டை ஓடவிடுங்கள். அதிலும் ரீங்காரம் கேட்டால் இரைச்சல் பவர் ஒயர் வழியாக ஸ்டீரியோவுக்குள் நுழைகிறது, எஃப்.எம்.மில் மட்டும் கேட்டால் ஆன்டெனா வழியாக. பெரும்பாலும் இரண்டாவதுதான். பிறகு ஒரு பக்கப் பல்பின் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். சில நேரம் ஒரு பல்பு மட்டுமே குற்றவாளியாக இருக்கும். அடுத்தது, ஒயரில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட். கம்ப்யூட்டர் கேபிள்களின் முனையில் உருளையாகத் தெரிவதும் இதுவே. ஒயரைக் கவ்விப் பூட்டும் வகை போதும், ஆனால் எஃப்.எம். அதிர்வெண்ணுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எச்4-இன் மூன்று ஒயர்களும் ஒரே ஃபெரைட்டுக்குள் சேர்ந்து போகட்டும், டிரைவருக்கு ஒட்டினாற்போல. டிரைவர் டப்பா தனியாக இருந்தால் அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. இடமிருந்தால் ஒயரை இரண்டு சுற்று கொடுங்கள். தடை நான்கு மடங்கை நெருங்கும். கவ்வி முழுசாக மூடிப் பூட்ட வேண்டும். நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் பலன் பெருமளவு போய்விடும். ஆன்டெனாவின் அடியில் துரு ஏறி எர்த் விட்டுப் போயிருந்தால் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். ரேடியோ பக்கம் செய்யத் தகுந்த ஒரே வேலை இது. கேன்பஸ் அடாப்டர் போட்டால் போய்விடும் என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம். அது பல்பு ஃபியூஸாகிவிட்டது என்று கார் தவறாக நினைக்காமல் இருப்பதற்கானது.

இன்று யார் எஃப்.எம். கேட்கிறார்கள், புளூடூத் போதாதா என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் மின்கம்பங்களைச் சாய்த்தபோது மின்சாரமும் செல்போனும் சேர்ந்தே போயின. அப்படிப்பட்ட இரவில் வெளியுலகச் செய்தி வந்து சேரும் கருவி கார் ரேடியோதான். இரைச்சல் எஃப்.எம். பட்டையோடு நிற்கும் என்ற உறுதியும் இல்லை. 433 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ரிமோட் சாவியையும் அது பாதிக்கக்கூடும்.

ஃபெரைட் போட்டும் அடங்காவிட்டால், ஒயரை வெட்டி ஒட்டாமல் பல்பைப் பில்லோடு திருப்பிக் கொடுப்பதே சரி. ஆலஜனுக்கான ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. மாட்டினால் ஒளி சிதறி எதிரே வருபவர் கண் கூசும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் வண்டியை உற்பத்தியாளர் வடிவமைத்ததிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வெளிச்சம் போதவில்லை என்ற குறை உண்மையானது. ஆனால் பழைய கார்களில் அதற்குப் பல்பைவிட ஒயரே காரணமாக இருப்பதுண்டு. மெல்லிய ஒயரிலும் தேய்ந்த ஸ்விட்சிலும் 10 சதவீத மின்னழுத்தம் குறைந்தாலே ஆலஜனின் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, ஃபியூஸும் ரிலேயும் போட்டுக் கொடுத்தால் அந்த வெளிச்சம் திரும்பக் கிடைக்கும், ரேடியோவும் கரகரக்காது.