தரையிலும் நீரிலும் ஒரே வழிகாட்டி: வாங்குமுன் அறிய வேண்டியவை

கோடை பிறந்ததும் நோர்வேயின் நுழைகழிகளுக்கும் கனடாவின் பேரேரிகளுக்கும் குடும்பத்தோடு காரிற் சென்று, அங்கே சிறு படகேறி மீன்பிடித்து வருவோர் எம்மவரிடையே உளர். இத்தகையோர் கடைகளிற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: காருக்கு ஒன்று, படகுக்கு ஒன்று என இரு ஜீ.பி.எஸ். கருவிகளை வாங்காது, இரண்டிற்கும் ஒன்றையே பயன்படுத்தலாகாதா என்பதே அது. பயன்படுத்தலாம் என்பதே சுருக்கமான விடை. ஆயின், எதனையும் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருளன்று. தெருவில் வழிதவறினால் அரை மணி நேரம் வீணாகும். நீரில் வழிதவறினால் உயிர்கள் வீணாகலாம். ஆகவே இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

கருவியின் பிறப்பும் செயலும்

ஜீ.பி.எஸ். என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1973இல் தொடங்கிய இராணுவத் திட்டமாகும். முதற் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. 1983 செப்ரெம்பர் 1ஆம் நாள், அலாஸ்காவிலிருந்து சியோலுக்குச் சென்ற கொரியப் பயணிகள் விமானம் பாதை விலகிச் சோவியத் வான்பரப்பினுட் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். அதன் பின்னரே இத்திட்டம் பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் உரியதாகும் என அமெரிக்க அரசு அறிவித்தது. 1989இல் மகெலன் நிறுவனம் கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தபோது அதன் விலை ஏறக்குறைய 3,000 டொலர். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான சமிக்ஞை வேண்டுமென்றே மழுங்கடிக்கப்பட்டிருந்தது. 100 மீற்றர் வரை பிழை நேர்ந்தது. இன்று திறந்த வெளியில் சில மீற்றர் துல்லியம் கிட்டுகின்றது.

செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றியவாறு, அணுக்கடிகாரத்தின் நேரத்தை ஒலிபரப்புகின்றன. அச்சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணிக்கின்றது. நேரத்தில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால், தூரத்தில் 300 மீற்றர் பிழைக்கும். கருவியின் சாதாரணக் கடிகாரம் அத்துணைத் துல்லியமானதன்று. எனவே இருப்பிடத்தை அறிய மூன்று செய்மதிகளும், கடிகாரப் பிழையைத் தீர்க்க நான்காவதும் வேண்டும்.

பாதை உள்ள இடமும் பாதை அற்ற இடமும்

காருக்கென அமைந்த கருவி, நீங்கள் ஏதோவொரு தெருவில்தான் நிற்கின்றீர்கள் எனக் கொண்டு உங்கள் இருப்பிடத்தை அருகிலுள்ள தெருவோடு ஒட்டவைக்கும். "இடப்புறம் திரும்புக" எனக் குரல் கொடுக்கும். நீரிலோ தெரு இல்லை. அங்கே வேண்டியவை வேறு: செல்லும் திசை, குறித்த கோட்டிலிருந்து விலகிய தூரம், கடல் மைல் கணக்கில் வேகம், நங்கூரம் இழுபட்டால் எச்சரிக்கை, ஒருவர் நீரில் வீழ்ந்தால் அவ்விடத்தை உடனே பதியும் பொத்தான். இவை இல்லாத கருவி படகுக்கு உதவாது. கடலுக்கென அமைந்த கருவியிலும் தெரு வரைபடத்தையும் திருப்பங்கள்தோறும் வழிசொல்லும் வசதியையும் ஏற்ற முடியுமா என்று பார்த்தல் வேண்டும். கார்மின் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஜீ.பி.எஸ்.மப் 276சீஎக்ஸ் இவ்விரு வகை வரைபடங்களையும் ஏற்கத்தக்க கருவிகளுள் ஒன்றாகும்.

இங்கு மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. காரில் "வீட்டுக்குச் செல்" என்றால் கருவி தெருவழியே அழைத்துச் செல்லும். படகில் அதே கட்டளைக்கு எளிய கருவிகள் நேர்கோடு ஒன்றையே வரையும். அக்கோடு தீவின் மீதும் பாறையின் மீதும் செல்லலாம். கருவி அதனைப் பொருட்படுத்தாது. பாதுகாப்பான வளைவுகளில் இடைப்புள்ளிகளை நாமே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

வரைபடமே உயிர்நாடி

கருவியின் விலையை மட்டும் பார்த்து மகிழ்தல் ஆகாது. கடல் வரைபடம் பெரும்பாலும் தனி விலைக்கே கிடைக்கின்றது. நீங்கள் செல்லும் ஏரிக்கோ கரைக்கோ உரிய வரைபடம் அக்கருவிக்கு உண்டா, அதனைப் புதுப்பிக்க முடியுமா எனக் கேட்டபின்னரே பணம் கொடுங்கள். திரையிலே தெரியும் ஆழம் வரைபடத்திற் பொறிக்கப்பட்ட ஆழமே; உங்கள் படகின் கீழுள்ள உண்மையான ஆழமன்று. அதனை அளப்பதற்கு எதிரொலிமானி வேண்டும். ஆழம் மீற்றரிலா அடியிலா காட்டப்படுகின்றது என்பதையும் புறப்படுமுன் உறுதிசெய்க.

2014 நவம்பர் 29இல், உலகைச் சுற்றும் போட்டியில் ஈடுபட்டிருந்த ரீம் வெஸ்ராஸ் விண்ட் என்னும் பாய்க்கப்பல் மொரீசியசுக்கு வடகிழக்கேயுள்ள பவளத் திட்டில் மோதியது. மிகத் தேர்ந்த மாலுமிகள். மிகச் சிறந்த கருவிகள். எனினும் மின்வரைபடத்தைப் போதிய அளவு பெருப்பித்துப் பாராமையால் அத்திட்டு அவர்கள் கண்ணுக்குத் தப்பியது. ஒன்பது பேரும் உயிர் தப்பினர். சிறு திரையுடைய கருவிகளில் இவ்வாபத்து மேலும் அதிகம். செல்லும் கோடு முழுவதையும் பெருப்பித்துப் பார்த்த பின்னரே கரையை விட்டு நீங்குக.

உடலமைப்பு

ஐ.பி.எக்ஸ்.7 என்னும் தரம், ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்குவதைக் குறிக்கும். அது மிதக்கும் என்பதற்கு உத்தரவாதமன்று; மிதக்குமா எனத் தனியே கேளுங்கள். ஈரக் கைக்கும் கையுறைக்கும் தொடுதிரையை விடப் பொத்தான்களே ஏற்றவை. வெயிலிற் கடையின் வாசலுக்குக் கொண்டுவந்து திரை தெரிகின்றதா எனப் பார்க்கலாம். கடைகளில் எங்கும் வாங்கக்கூடிய சாதாரண பற்றரியிலும் இயங்குமாயின் மிக நன்று. கடல் வானொலியோடு இணைப்பதற்கு என்.எம்.ஈ.ஏ. 0183 என்னும் இணைப்பு உண்டா எனவும் நோக்குக. அவ்வாறு இணைத்தால், வானொலியின் அபாயப் பொத்தானை அழுத்தும்போது உங்கள் இருப்பிடமும் சேர்ந்து அனுப்பப்படும்.

எண்களில் ஓர் எச்சரிக்கை

உதவி கோரும்போது இருப்பிடத்தை எண்ணாற் சொல்ல நேரிடும். ஒரே எண்ணை இருவகையாக வாசித்தல் பேராபத்து. 59 பாகை 30.5 கலை என்பதை 59.305 பாகை எனச் சொன்னால், மீட்புப் படகு 22 கிலோமீற்றருக்கு அப்பாற் சென்று தேடும். கடலிற் பாகையும் தசமக் கலையுமே வழக்கம். கருவியையும் அவ்வாறே அமைத்துக்கொள்ளல் நலம். பழைய தாள்வரைபடங்கள் வேறு அளவீட்டு அடிப்படையில் வரையப்பட்டிருக்கலாம் என்பதையும் நினைவிற் கொள்க. பிரித்தானியாவில் இவ்வேறுபாடு ஏறக்குறைய 100 மீற்றர் வரை வரும்.

கைத்தொலைபேசியும் பழைய கருவியும்

கைத்தொலைபேசி போதாதா என்பர். காருக்குப் போதும். தொலைபேசித் தொடர்பு அற்ற இடத்திலும் அது செய்மதியைக் கேட்கும். ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருத்தல் வேண்டும். குளிரிற் பற்றரி விரைவில் இறங்குவதும் ஈரத்திற் தொடுதிரை பணியாமையும் அதன் குறைகள். உதவிக்கு அழைக்கவேண்டிய தொலைபேசியின் பற்றரியை வழிகாட்டலிலே தீர்த்துவிடுவது அறிவுடைமையாகாது.

கையிற் பணம் குறைந்தோர் பழைய கருவி வாங்குவது இயல்பு. செய்மதிகள் வாரங்களை 1,024 வரை எண்ணி மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றன. இறுதியாக 2019 ஏப்ரல் 6இல் அவ்வாறு நிகழ்ந்தது. அதற்கு ஆயத்தமில்லாத பழைய கருவிகள் தேதியைப் பிழையாகக் காட்டும். தேதி பிழைத்தால் வற்றுப்பெருக்குக் கணக்கும் பிழைக்கும். ஆதலால் வாங்குமுன் இயக்கித் தேதியைப் பாருங்கள். விற்பவருக்கும் ஒரு சொல்: உங்கள் வீடும், சென்றுவந்த தடங்களும் கருவியிற் பதிவாகியிருக்கும். முகவரி பிறர் கைக்குப் போவது எம்மவருட் பலருக்குச் சிறிய விடயமன்று. அனைத்தையும் அழித்த பின்னரே கைமாற்றுக.

கருவி பொய்க்கும் வேளை

1995 ஜூன் 10இல், பெர்மியூடாவிலிருந்து பொஸ்ரனுக்கு 1,500க்கு மேற்பட்டோருடன் சென்ற றோயல் மஜெஸ்ரி என்னும் கப்பல் நாந்துக்கற் தீவருகே தரைதட்டியது. ஜீ.பி.எஸ். உணர்கம்பியின் இணைப்பு பயணத்தின் தொடக்கத்திலேயே கழன்றுவிட்டது. கருவி வெறும் ஊகக் கணிப்புக்கு மாறி, அதனைத் திரையில் சிறு எழுத்துகளிற் காட்டியது. ஏறக்குறைய 34 மணி நேரம் எவரும் அதனைக் கவனிக்கவில்லை. கப்பல் 17 மைல் விலகியிருந்தது. உயிரிழப்பு நேரவில்லை.

எம்மவர் பலர் மீன் பதனிடும் ஆலைகளிற் பணியாற்றிய நோர்வேயின் பின்மார்க் பகுதியில், 2017 முதல் ஜீ.பி.எஸ். சமிக்ஞை குழப்பப்படுவது பதிவாகியுள்ளது. 2022இன் பின் அது மேலும் அதிகரித்தது. கருவியில் எப்பழுதும் இல்லாதபோதும் வழி மறையலாம் என்பதற்கு இது சான்று. ஆகவே காந்தத் திசைகாட்டியும் தாள்வரைபடமும் படகிற் கட்டாயம் இருத்தல் வேண்டும். நோர்வேயில் 8 மீற்றருக்குக் குறைந்த படகு ஓடும்போது மிதவை அங்கி அணிவதை 2015 முதல் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. சட்டம் இல்லாத இடத்திலும் பிள்ளைகளுக்கு அதனை அணிவித்த பின்னரே படகை அவிழ்க்குக.

எமது கரைகளில் வாடையையும் சோளகத்தையும் விண்மீன்களையும் கொண்டு திசை கண்டோர் எந்த ஒன்றையும் தனியே நம்பியதில்லை. காற்றை விண்மீனோடும், விண்மீனை நீரோட்டத்தோடும் ஒப்பிட்டே துடுப்பை வலித்தனர். புதிய கருவியை வாங்குவோரும் அவ்வாறே செய்வாராக. முதலில் காரிற் பழகுங்கள். பின்னர் கரை தெரியும் தூரத்திற் படகிற் பழகுங்கள். திரை சொல்வதும் கண் காண்பதும் முரண்படுமாயின் படகை நிறுத்துங்கள். முரண்பாட்டின் காரணத்தை அறிந்த பின்னரே மேற்கொண்டு செல்லுங்கள்.