வெட்டாத வீரர்! வெற்றி தரும் கிழவர்!

செல்போன் போர்க்களத்தில் ஒரு துணைவர்: நம்பலாமா? நம்பக் கூடாதா?

கையில் வாள் இல்லை. வேல் இல்லை. ஒரு கோல் உண்டு; ஒரு புத்தகம் உண்டு. தாடி நரைத்துவிட்டது. ஆனாலும் இவர் போர்வீரர்!

இவரால் ஜெயித்தவர்கள் ஏராளம். இவரை நம்பித் தோற்றவர்களும் ஏராளம்.

யார் இந்தக் கிழவர்?

"கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்" என்று ஒரு செல்போன் ஆட்டம் இருக்கிறது. அதில் வரும் வீரர்தான் இவர். பெயர் "கிராண்ட் வார்டன்". தமிழில் சொன்னால் "பெருங்காவலர்".

விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும் இளைஞர்களைப் பாருங்கள். திண்டிவனம் பஸ் நிலையத்தில் நிற்கும் மாணவர்களைப் பாருங்கள். தலை குனிந்திருக்கும். விரல் மட்டும் ஓடும். சிலர் படம் பார்ப்பார்கள். சிலர் கோட்டை பிடிப்பார்கள்!

"என்னடா அது, ஓயாமல் போனும் கையுமாக இருக்கிறாய்?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கும் இந்தக் கட்டுரை பயன்படும்.

ஆட்டம் எப்படி?

இந்த ஆட்டத்தை உருவாக்கியது "சூப்பர்செல்" என்ற கம்பெனி. அது பின்லாந்து நாட்டில் இருக்கிறது. 2012-ம் ஆண்டு ஆட்டம் வெளிவந்தது. இன்றும் உலகம் எங்கும் ஆடுகிறார்கள்.

ஆடுகிறவருக்கு ஒரு கிராமம் உண்டு. அதில் மதில் கட்ட வேண்டும். பீரங்கி வைக்க வேண்டும். பொன் சேர்க்க வேண்டும். "எலிக்ஸிர்" என்ற ஊதா நிறத் திரவமும் சேர்க்க வேண்டும். ஊரின் நடுநாயகமாக "டவுன் ஹால்" இருக்கும். அதுதான் அரண்மனை.

பிறகு அடுத்தவர் கிராமத்தின் மீது படை எடுக்க வேண்டும். போர் நேரம் 3 நிமிடம்தான். அதற்குள் முடித்தாக வேண்டும்.

வெற்றியை நட்சத்திரத்தால் அளக்கிறார்கள். ஊரில் பாதி இடிந்தால் ஒரு நட்சத்திரம். டவுன் ஹால் விழுந்தால் ஒன்று. ஊர் முழுவதும் தரைமட்டம் ஆனால் இன்னொன்று. ஆக மொத்தம் 3.

ஆடுகிறவர்கள் கூட்டமாகவும் சேரலாம். அந்தக் கூட்டத்துக்குக் "கிளான்" என்று பெயர். குலம் என்று பொருள். ஒரு குலம் இன்னொரு குலத்துடன் யுத்தம் செய்யும். சாதாரண யுத்தத்தில் ஒருவர் இரண்டு முறைதான் தாக்கலாம். தவறவிட்டால் போனது போனதுதான். தன் தோல்வி தன்னோடு போகாது. குலத்தையே பாதிக்கும்!

கிழவரின் வேலை என்ன?

ஆட்டத்தில் வேறு வீரர்களும் உண்டு. காட்டுராஜா ஒருவர், வாளோடு முன்னே பாய்வார். வில் எய்யும் ராணி ஒருத்தி. மதிலுக்கு அப்பால் உள்ளதையும் வீழ்த்துவாள். இவர்கள் அடிக்கிற வீரர்கள்.

பெருங்காவலர் அப்படி அல்ல. அவரும் கோலால் தாக்குவார். ஆனால் அது பெரிய விஷயம் அல்ல. மற்றவர்களைக் காப்பதுதான் அவர் வேலை. 2015-ம் ஆண்டு டிசம்பரில் ஆட்டத்துக்குள் வந்தார். டவுன் ஹாலை 11-ம் நிலைக்கு உயர்த்தியவருக்குத்தான் அவர் கிடைப்பார்.

அவரிடம் இரண்டு சக்திகள் இருக்கின்றன.

முதல் சக்தி: அவர் பக்கத்தில் நிற்கும் படைவீரர்களுக்கு உயிர்ப்பலம் கூடும். நான்கு அடியில் விழவேண்டியவன் ஐந்தாவது அடியும் தாங்குவான். இதற்கு எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டாம். அவர் பக்கத்தில் இருந்தாலே போதும்.

இரண்டாவது சக்திதான் பெரியது. அவர் கையில் இருக்கும் ஏட்டைத் திறந்தால், சுற்றியுள்ள படைக்கு ஒன்றும் ஆகாது! குண்டு விழுந்தாலும் சாகமாட்டார்கள். நெருப்பு பட்டாலும் வேகமாட்டார்கள். ஆனால் சில விநாடிதான். ஒரு போருக்கு ஒரே ஒரு முறைதான்!

3 நிமிடம் என்றால் 180 விநாடி. அதில் அந்தச் சில விநாடி எது? அதைக் கண்டுபிடிப்பதில்தான் திறமை இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

மூன்று ஆபத்து!

ஒன்று: நேரம் தவறுவது.

மழை வருவதற்கு முன்பே குடையைப் பிடித்து, மழை வந்தவுடன் மடக்கியவன் கதை தெரியுமா? ஏட்டை முன்னதாகத் திறந்தால் அதுதான் நடக்கும். குண்டு வரும்போது காப்பு தீர்ந்து போயிருக்கும். தாமதமாகத் திறந்தால் இன்னும் மோசம். காப்பாற்ற ஆளே இருக்காது!

12-ம் நிலைக்கு வந்த டவுன் ஹால் சும்மா இடியாது. இடியும்போது வெடிக்கும். பக்கத்தில் நிற்கும் படை பஸ்பம். அந்த வெடிக்குச் சற்று முன்னால் ஏட்டைத் திறந்தவன் பிழைத்தான். "இன்னும் கொஞ்சம் பொறுப்போம்" என்று நினைத்தவன் கதை முடிந்தது.

இரண்டு: வழி தவறுவது.

பெருங்காவலர் தன் இஷ்டப்படி போகிறவர் அல்ல. படை எங்கே திரண்டு போகிறதோ அதன் பின்னால் போவார். படை இரண்டாகப் பிரிந்தால்? ஆட்டக்காரர் நினைத்த பக்கம் அவர் போவார் என்று உறுதி இல்லை. வலப்புறம் பெரிய படை சாகும். இடப்புறம் நாலு பேரோடு இவர் நடந்துகொண்டிருப்பார். பல போர்கள் இப்படித் தோற்றிருக்கின்றன!

மூன்று: அவரே விழுவது.

மற்றவர்களைக் காப்பவருக்குத் தன் உடம்பு திடம் இல்லை. முன்னால் நின்று அடி வாங்க அவரால் முடியாது. காட்டுராஜா தாங்குகிற அடியை இவர் தாங்கமாட்டார். இவர் விழுந்தால் என்ன ஆகும்? ஏடு போச்சு. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கூடியிருந்த உயிர்ப்பலமும் போச்சு. ஓர் ஆள் விழுந்தால் படையே தளர்ந்துவிடும்.

இதனால்தான் இவரை "ஆபத்தான துணைவர்" என்கிறார்கள்.

தரையா, வானமா?

இன்னொரு சங்கதி. போருக்கு முன்பே இவரைத் தரையில் நடக்கவிடலாம். வானில் பறக்கவும் விடலாம்.

பறந்தால் பீரங்கி அவரை ஒன்றும் செய்ய முடியாது. பீரங்கி தரைப்படையைத்தான் சுடும். ஆனால் வானில் வருவோரைச் சுடும் ஆயுதங்கள் வேறு உண்டு. பறக்கும் படையோடு போகிறவர் இவரையும் பறக்கவிட வேண்டும். தரைப்படையோடு போகிறவர் தரையில் விட வேண்டும். முந்தின போரில் வைத்ததை மாற்ற மறந்துவிட்டு, இவரை வானில் தனியே அனுப்பியவர்கள் உண்டு!

2023-ம் ஆண்டு டிசம்பரில் இன்னொரு மாற்றம் வந்தது. வீரர்களுக்குப் பல சாதனங்கள் கொடுத்தார்கள். ஒரு வீரர் இரண்டு சாதனம் வைத்துக்கொள்ளலாம். பெருங்காவலருக்குக் காப்பு ஏடு உண்டு. உயிர்ப்பலம் தரும் மணி உண்டு. காயம் ஆற்றும் ஏடு உண்டு. பக்கத்தில் உள்ளவர்களின் அடி பலத்தைக் கூட்டும் மணியும் உண்டு.

விநாடிக் கணக்குப் பழகாதவருக்குக் காயம் ஆற்றும் ஏடு நல்லது. கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பலன் கிடைக்கும். ஆனால் பெரிய வெடியை அது தடுக்காது. ஒரே அடியில் செத்தவனுக்கு மருந்து எதற்கு?

தெருக்கூத்தில் பாருங்கள்!

இந்தக் கிழவரைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும்.

அர்ச்சுனன் கிரீடத்தோடு வருவான். புஜக்கீர்த்தி பளபளக்கும். கண் எல்லாம் அவன் மேல்தான். பின்னால் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரரை யார் பார்க்கிறார்கள்? ஆனால் அவர் அடி எடுத்துக் கொடுக்காவிட்டால் அர்ச்சுனன் என்ன செய்வான்? மூச்சு வாங்க நேரம் இருக்காது. பாட்டு அறுந்துவிடும். விடிய விடிய ஆட முடியாது.

பின்பாட்டுக்காரர் அர்ச்சுனனை முந்தினாலும் தப்பு. பிந்தினாலும் தப்பு. பெருங்காவலர் கதையும் அதேதான்!

செஞ்சியில் ஒரு துணைவன்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை சாலையில் சுமார் 28 கிலோமீட்டர் போனால் செஞ்சிக் கோட்டை வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் இணைத்து மதில். 1677-ம் ஆண்டு சிவாஜி இதைப் பிடித்தார். 1690-ல் மொகலாயப் படை வந்து வளைத்தது. கோட்டை அவர்கள் கைக்குப் போனது 1698-ல்தான்! 2025-ம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று.

இந்தச் செஞ்சியில்தான் ராஜா தேசிங்கு இருந்தார். அவருக்கு ஒரு நண்பர். பெயர் மகமத்கான். தேசிங்கு இந்து. மகமத்கான் முஸ்லிம். உயிர் நண்பர்கள்.

1714-ம் ஆண்டு அக்டோபரில் ஆற்காட்டு நவாப்பின் படை வந்தது. மிகப் பெரிய படை. தேசிங்கிடம் இருந்ததோ சிறிய குதிரைப்படை. மகமத்கானுக்கு அப்போது கல்யாணம் நடக்க இருந்தது என்று நாட்டுப்புறக் கதை சொல்கிறது. நண்பன் அழைத்தான் என்று கேட்டவுடன் மணப்பந்தலை விட்டுக் குதிரை ஏறினாராம்!

அந்தப் போரில் மகமத்கான் உயிர் விட்டார். தேசிங்கும் உயிர் விட்டார்.

ராஜ்யம் நண்பருடையது. புகழும் நண்பருடையது. துணைக்கு வந்தவர் கொடுத்தது உயிர். ஆனால் மக்கள் மறக்கவில்லை. தேசிங்கு கதை சொல்லும் இடமெல்லாம் மகமத்கான் பெயரும் வருகிறது.

துணை நிற்பது ஆபத்தான வேலை. செல்போனில் செத்தால் மறுபடி ஆடலாம். செஞ்சியில் அப்படி இல்லை. பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தையும் சொல்லிக்கொடுங்கள்.

எப்படி எடை போடுவது?

"கிழவர் எத்தனை வீடு இடித்தார்?" என்று கேட்கக் கூடாது. அது தவறான தராசு. "கிழவர் இருந்ததால் எத்தனை பேர் பிழைத்தார்கள்?" என்று கேட்க வேண்டும்.

அதற்கும் வழி இருக்கிறது. நடந்த போரை மறுபடியும் ஓடவிட்டுப் பார்க்கலாம். ஏடு திறந்த நேரத்தில் நிறுத்திக் கவனியுங்கள். அப்போது சுற்றிலும் பத்துப் பேர் இருந்தார்களா? இரண்டு பேரா? அவர்கள் மேல் குண்டு விழுந்ததா? வெறும் மதிலை இடித்துக்கொண்டிருந்தார்களா? நாலு போரை இப்படிப் பார்த்தால் தன் பழக்கம் தனக்கே தெரியும்.

படை ஒரே திரளாகப் போகிறதா? இவரைப் போல் துணை கிடையாது. படையை நாலா பக்கமும் சிதறவிடும் பழக்கம் உண்டா? இவரால் லாபம் குறைவு. முதலில் அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும். பிறகு கிழவரை வளர்க்க வேண்டும்.

பெற்றோர் கவனிக்க!

இது பணம் கட்டிப் பணம் எடுக்கும் சூதாட்டம் அல்ல. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. அந்த வகையில் இந்த ஆட்டம் சேராது. பைசா கொடுக்காமலே ஆடலாம்.

ஆனால் ஆட்டத்துக்குள் ஒரு கடை இருக்கிறது! பெருங்காவலரை ஒரு நிலை உயர்த்த வேண்டும் என்றால் எலிக்ஸிர் வேண்டும். காத்திருக்கவும் வேண்டும். மேல்நிலையில் நாள் கணக்கில் ஆகும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவருக்கு "ஜெம்" என்ற பச்சைக் கல்லை விற்கிறார்கள். அதற்குக் காசு உண்டு. உங்கள் காசு!

ஆகவே பண அட்டை, யு.பி.ஐ. ரகசிய எண் இரண்டையும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ரகசிய எண் கேட்கும்படி போனில் அமைத்து வைக்கலாம். இரவு எத்தனை மணிக்குப் போனைக் கீழே வைப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். குலத்தின் யுத்தம் நாளைக்கும் இருக்கும். பரீட்சை இருக்காது.

கல் வாங்கினால் கிழவர் சீக்கிரம் வளர்வார். ஆனால் ஏட்டை எப்போது திறப்பது என்ற புத்தியைக் கடையில் விற்பதில்லை. அதைத் தோற்றுத்தான் கற்க வேண்டும்.

தீர்ப்பு

பெருங்காவலரை வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம். யாருக்கு? படையை ஒன்றாக நடத்தத் தெரிந்தவருக்கு. அவசரப்படாதவருக்கு. தான் அடிக்காமல் பிறர் அடித்து ஜெயித்தாலும் சந்தோஷப்படுகிறவருக்கு.

மற்றவர்களுக்கு? முதலில் தோழர்களோடு பயிற்சிப் போர் நடத்திப் பழகட்டும். குலம் நம்பியிருக்கும் யுத்தத்தில் சோதனை வேண்டாம்.

வெட்டுகிற வீரன் தவறினால் ஒரு வீடு தப்பும். காக்கிற வீரன் தவறினால் ஒரு படையே அழியும். காவல் வேலை என்றால் சும்மாவா?