வெடித்த அடுப்பும் விற்றவன் பொறுப்பும்

விறகடுப்பு விற்பதைச் சில்லறை வியாபாரம் என்று நினைப்பவர்கள் எம்மில் பலர். இரும்புக் கடைக்காரருக்கும் பலசரக்குக் கடைக்காரருக்கும் அது வாசலில் அடுக்கி வைக்கும் ஓர் உப சாமான். ஆனால் வாங்கிய சாரத்தில் நூல் பிரிந்தால் ஒருவர் முகம் சுளிப்பதோடு விஷயம் முடிந்துவிடும். அடுப்பு வெடித்தால் அந்த வீட்டில் அன்றைய சோறு வேகாது. கொதிக்கும் சட்டி சரிந்தால் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு ஆபத்து. இந்தச் சின்னச் சாமானுக்குப் பின்னால் ஒரு பெரிய பொறுப்பு இருக்கிறது.

2021ஆம் ஆண்டின் கடைசியில் காஸ் அடுப்புகள் தீப்பற்றிய செய்திகளால் மக்கள் பயந்துபோனார்கள். 2022இல் காஸும் மண்ணெண்ணெய்யும் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றது. மாடி வீட்டுக்காரரும் விறகடுப்புத் தேடி வந்தார். கேள்வி கூடியதும் அடுப்புச் செய்யத் தெரிந்தவரும் செய்தார், தெரியாதவரும் செய்தார். அப்போது கடைக்கு வந்த குறைச் சாமான்கள் எனக்குக் கற்றுத் தந்தவை இன்றும் பயன்படுகின்றன. அவற்றைச் சக வியாபாரிகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எமது நாட்டில் நன்கு அறியப்பட்ட மண் விறகடுப்பு ‘அனகி’. 1980களில் வடிவமைக்கப்பட்டு நாடெங்கும் பரப்பப்பட்டது. ஒரே துண்டாகச் செய்யப்படும் இரட்டை அடுப்பு அது. முன்னால் விறகு எரியும் அறையின் மேல் ஒரு சட்டி. அங்கிருந்து சூடு ஒரு குகை வழியாகப் பின்னாலுள்ள கொடியடுப்புக்குப் போய் இரண்டாவது சட்டியையும் வேக வைக்கும். மூன்று கல் அடுப்பைவிட இதில் விறகு மிச்சமாவதற்குக் காரணம் அளவுகள்தான். வாயின் அகலம், குகையின் உயரம், சட்டி அமரும் குமிழ்களின் உயரம் எல்லாம் கணக்காக இருக்க வேண்டும். குமிழ் உயர்ந்தால் சூடு பக்கவாட்டில் ஓடிவிடும். தாழ்ந்தால் தீ மூச்சுத் திணறிப் புகை கக்கும். எனவே வெடிப்பு மட்டும் குறையல்ல, அளவு பிசகுவதும் குறையே.

2022இல் எனது கடைக்கு 120 அடுப்புகள் ஒரே லொறியில் வந்தன. இறக்கும்போது இருட்டிவிட்டது, மழையும் பெய்தது. சாமான் ஒப்படைக்கும் துண்டில் ‘பரிசோதனைக்கு உட்பட்டது’ என்று எழுதித்தான் கையொப்பமிட்டேன். மறுநாள் காலை ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தோம். நன்றாகச் சுட்ட அடுப்பு கணீர் என்று ஒலிக்கும். உள்ளே கீறல் இருந்தாலும் சூடு போதாவிட்டாலும் பொத்தென்று சத்தம் வரும். அப்படி 16 அடுப்புகளை ஒதுக்கி வைத்தோம். மீதி 104உம் ஒரே வாரத்தில் விற்றுப்போயின.

மூன்றாவது நாளே முதலாவது அடுப்பு திரும்பி வந்தது. ‘நானா, சோறு பொங்குற நேரத்தில ரெண்டாப் பொளந்து போச்சு’ என்றார் கொண்டுவந்த தாத்தா. அவருக்கு உடனே வேறு அடுப்புக் கொடுத்தேன். ஒரு மாதத்துக்குள் 22 அடுப்புகள் திரும்பி வந்தன.

இப்படியான நேரத்தில் வியாபாரி இரண்டு விதமாக நடக்கலாம். ‘நீங்கள் பாவித்த முறை பிழை’ என்று வாடிக்கையாளர் தலையில் போடலாம். அல்லது கேட்டவருக்கெல்லாம் கணக்கில்லாமல் மாற்றிக் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொள்ளலாம். இரண்டும் சரியல்ல. நான் வந்தவர்கள் எல்லோரிடமும் மூன்று கேள்விகள் கேட்டு ஒரு கொப்பியில் எழுதினேன். முதல் நாள் எவ்வளவு நெருப்பு வைத்தீர்கள்? தண்ணீர் ஊற்றி அணைத்தீர்களா? வெடிப்பு எந்த இடத்தில் தொடங்கியது?

பதில்களைச் சேர்த்துப் பார்த்தபோது விஷயம் தெளிவானது. 13 அடுப்புகள் குகையும் கொடியடுப்பும் சேரும் அதே இடத்தில் வெடித்திருந்தன. ஆறு அடுப்புகளில் எரிந்துகொண்டிருந்த கொள்ளியைத் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார்கள். மூன்றில் முதல் நாளே பெரிய நெருப்பு வைத்திருந்தார்கள். முதலாவது வகை செய்தவரின் குறை. மற்ற இரண்டும் பாவனையால் வந்தவை.

அடுப்பை அனுப்பியவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ‘முதலாளி, பொம்பளைங்க தண்ணி ஊத்தியிருப்பாங்க’ என்றார். உடைந்த 13ஐயும் லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் அவர் முற்றத்தில் வரிசையாக வைத்தேன். 13இலும் ஒரே இடத்தில் ஒரே வெடிப்பு. அதற்குமேல் அவர் பேசவில்லை. கேள்வி அதிகமென்று நிழலில் ஆற வேண்டிய பச்சை அடுப்புகளை வெயிலில் வைத்து அவசரமாகக் காய வைத்திருந்தார்கள். மெல்லிய பகுதி முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த பகுதி ஈரமாகவே இருக்கும். இரண்டும் சேருமிடம் இழுபட்டுக் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். வீட்டில் நெருப்பு வைத்ததும் அது வாய் திறக்கும். ஒதுக்கி வைத்த 16ஐயும் சேர்த்து 29 அடுப்புகளை மாற்றித் தந்தார். அவற்றில் இரண்டு மட்டுமே பின்னர் குறையாக வந்தன. பாவனையில் உடைத்துக்கொண்ட ஒன்பது பேருக்கு நான் கொள்விலைக்கே புதியது கொடுத்தேன். அந்த ஒன்பது குடும்பங்களும் இன்றும் எனது கடைக்கு வருகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வியாபாரிகள் அறிந்திருப்பது நல்லது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் எம்மை ஆளுகிறது. சாமானை ஏற்றுக்கொள்ளவில்லை என்று நியாயமான காலத்துக்குள் அறிவிக்காமல் வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஆகவே குறை கண்டவுடன் எழுத்தில் அறிவியுங்கள். தொலைபேசியில் சொன்னதைப் பின்னர் நிரூபிப்பது கடினம். வாடிக்கையாளர் பக்கத்துக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய அவருக்கு உரிமையுண்டு. விசாரணையின் பின் சாமானை மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவு வரலாம். அந்த நிலைக்கு விடாமல் கடை மேசையிலேயே தீர்ப்பதுதான் இலாபம். வாடிக்கையாளர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியதும் எமது கடமை. அதில் திகதியும் யாரிடம் எடுத்த சாமான் என்பதற்கான குறியும் இருந்தால் எமக்கே பாதுகாப்பு.

தகட்டு அடுப்பு விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறிய மின்விசிறி பூட்டிய தகட்டு அடுப்புகளும் சந்தையில் உண்டு. வெல்டிங் பொருத்தைத் திருப்பிப் பாருங்கள். விசிறி நெருப்பறையை ஒட்டியிருந்தால் மோட்டார் சீக்கிரம் கருகும். சாதாரண பெயின்ட் முதல் எரிப்பிலேயே உரிந்து நாறும். துத்தநாகம் பூசிய கல்வனைஸ் தகட்டில் நெருப்பறை செய்திருந்தால் அதை வாங்கவே வேண்டாம். துத்தநாகம் சுமார் 420 பாகை செல்சியஸில் உருகிவிடும். விறகு நெருப்பு அதைவிடச் சூடானது. கடுஞ்சூட்டில் கிளம்பும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொடுக்கும். கரி போடும் அடுப்பாக இருந்தால், மூடிய அறையில் பாவிக்கக் கூடாது என்று சொல்லாமல் விற்காதீர்கள். கரியின் நச்சு வாயுவுக்கு மணமில்லை, ஆளைக் கொன்றுவிடும்.

விற்கும்போது இரண்டு நிமிடம் பேசினால் பல முறைப்பாடுகள் வராமலே போகும். புதிய மண் அடுப்பில் முதல் நாள் சுள்ளியும் பொச்சு மட்டையும் வைத்துச் சின்ன நெருப்பு மட்டும். பிறகு தானாக ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது, கொள்ளியை வெளியே இழுத்து அணைக்க வேண்டும். அடுப்பைச் சுற்றிக் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசினால் சூடும் நிற்கும், ஆயுளும் கூடும். இவற்றை ஒரு துண்டில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துக் கொடுப்பதற்குப் பெரிய செலவில்லை.

குறையுள்ள சாமானைக் குறை சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது எம்மவர்களுக்குப் புதிய பாடமல்ல. தட்டியபோது பொத்தென்று ஒலித்த அடுப்பை இருட்டில் விற்றுவிடலாம். ஆனால் மறுநாள் அது எரியாத குசினியில் எமது கடையின் பெயர்தான் சொல்லப்படும். அடுத்த லொறி வரும்போது ஒவ்வோர் அடுப்பையும் தட்டிப் பார்த்தே உள்ளே எடுங்கள்.