பொன்வண்டுச் சிறகில் ஓர் அரசி உடை

தீப்பெட்டிக்குள் இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்த நேயர்களுக்கு அந்தப் பச்சை மினுமினுப்பு மறந்திருக்காது. அது சாயம் அல்ல. மினுமினுப்பது, பறக்கும் மெல்லிய சிறகை மூடிக் காக்கும் கெட்டியான உறை. அதன் மேற்பரப்பில் மிக நுண்ணிய அடுக்குகள் உண்டு. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளிதான் பச்சையாகவும், சற்றே சாய்த்தால் நீலமாகவும் தெரிகிறது. வெளுத்துப்போகப் பச்சைச் சாயமே இல்லாததால், நூறாண்டு கடந்தும் நிறம் மங்குவதில்லை.

19ஆம் நூற்றாண்டில் நம் சென்னை இந்தச் சிறகுறைத் தையல் வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றிருந்தது. மஸ்லின் துணியில் சரிகையோடு சிறகுறைகளை இலை இலையாக வைத்துத் தைப்பார்கள். ஐரோப்பியப் பெண்கள் அதை விரும்பி வாங்கினார்கள்.

இத்தகைய சிறகுறைகள் நாடக மேடையும் ஏறின. 1888 டிசம்பரில் லண்டன் லைசியம் அரங்கில் ‘மேக்பெத்’ நாடகம். லேடி மேக்பெத்தாக நடித்த எலன் டெர்ரியின் பச்சை உடையில் ஏறக்குறைய ஆயிரம் சிறகுறைகள்! மேடை விளக்கில் உடை முழுதும் பாம்புச் செதிலாய் மின்னியது. ஓவியர் சார்ஜென்ட் அடுத்த ஆண்டே அந்தக் கோலத்தை வரைந்துவிட்டார்.

நிறம் நிலைத்தாலும் உறை எளிதில் உடையும். உடையைச் சீரமைத்தவர்கள், விரிசல் விட்ட ஒவ்வோர் உறையின் பின்புறமும் ஜப்பானிய மெல்லிழைத் தாளைக் கோதுமைப் பசையால் ஒட்டினார்கள். எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கும்! 2011இல் அந்த உடை, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் எலன் டெர்ரி வாழ்ந்த ஸ்மால்ஹைத் இல்லத்தில் மீண்டும் பார்வைக்கு வைக்கப்பட்டது.