கோதுமை மாவும் மலைநாட்டுக் கொதிநீரும்



நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் பொழுது புலருமுன்பே லயங்களில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் ரொட்டி தட்டிச் சம்பல் அரைத்து, பிள்ளைகளுக்கு வைத்ததுபோகத் தாமும் எடுத்துச் செல்வது வழக்கம். கோதுமை மா நம்மிடையே இவ்வளவு பரவியதற்கு இரண்டாம் உலகப் போரும் ஒரு காரணம். 1942ஆம் ஆண்டு பர்மா ஜப்பானியர் வசமாகவே, அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. பங்கீட்டில் கோதுமை மா அரிசிக்குத் துணையாக வந்தது. போர் ஓய்ந்த பின்னரும் அப்பழக்கம் நீங்கவில்லை.

இத்தாலிய மக்கள் கோதுமையைக் கொண்டு செய்யும் உணவே பாஸ்தா எனப்படுவது. சிசிலித் தீவில் நூல்போன்ற மாவுப் பண்டம் செய்து கப்பல்களில் அனுப்பினர் என்று அல் இத்ரீசி என்னும் அரபுப் புவியியலறிஞர் 1154ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். கடைகளில் பொதியாக விற்கும் மக்கரோனி பெரும்பாலும் கடினமான ஒருவகைக் கோதுமையின் ரவையால் ஆனது. நம் வீட்டு ரொட்டி மா அத்துணை உறுதி வாய்ந்ததன்று. ஆயினும் கவலை வேண்டா. வட இத்தாலியில் இதுபோன்ற மென்மையான மாவுடன் முட்டை சேர்த்தே பாஸ்தா பிசைகின்றனர். முட்டை, மாவுக்கு உறுதியையும் உண்பவருக்குப் புரதத்தையும் தருகிறது.

நால்வருக்குச் செய்ய 400 கிராம் மா, இரண்டு முட்டை, சிறிது உப்பு, அரைக் கோப்பைக்குச் சற்றுக் குறைவான நீர் ஆகியவை போதும். முட்டை கிடையாதாயின் 200 மில்லிலீற்றர் அளவு வெந்நீர் விட்டுப் பிசையலாம். நீரை ஒரேயடியாக விடாமல் சிறிது சிறிதாக விடுக. ரொட்டி மாவினும் சற்று இறுக்கமாகப் பத்து நிமிடம் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைத்திருங்கள். உடனே தேய்த்தால் மா சுருங்கிக்கொள்ளும். ஓய்வு பெற்ற மா இசைந்து நீளும். பூரிக்கட்டையாலோ கழுவித் துடைத்த போத்தலாலோ மெல்லியதாகத் தேய்த்து, மா தூவிச் சுருட்டி, விரலகலத் துண்டுகளாக வெட்டி உதறினால் நாடாக்கள் கிடைக்கும்.

இனி வேகவைக்கும் முறையைக் கவனிப்போம். இதில்தான் மலைநாட்டுக்கென்று ஒரு தனி விதி உண்டு. கடல்மட்டத்தில் நீர் 100 பாகை சென்ரிகிறேட்டில் கொதிக்கும். மேலே ஏறுந்தோறும் காற்றின் அழுத்தம் குறைவதால், ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் தாழ்கிறது. சுமார் 1,270 மீற்றர் உயரமுள்ள ஹட்டனில் அது 96 பாகை அளவிலும், 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் 94 பாகை அளவிலும் நிற்கும். பொதியில் அச்சிட்டிருக்கும் நேரம் இவ்வுயரத்தைக் கருதியதன்று. பத்து நிமிடம் என்றிருந்தால் இங்கே இரண்டு மூன்று நிமிடமேனும் கூடுதலாக வேண்டும். கொழும்பில் மூன்று நிமிடத்தில் வேகும் வீட்டு நாடாவுக்கு இங்கே நான்கைந்து நிமிடம் ஆகலாம். ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, நடுவில் வெண்மாத் தெரியாதபோது இறக்குவதே நல்ல அளவுகோல்.

வேகத் தாமதமாகிறதே என்று விறகைத் திணிப்பதில் பயனில்லை. கொதித்துக்கொண்டிருக்கும் நீரில் எவ்வளவு தீ மூட்டினும் வெப்பம் ஏறாது. ஆவிதான் மிகுதியாகப் போகும். ஆதலின் நீர் கொதிக்கும்வரை பானையை மூடிவைத்து, பிறகு கொதி அடங்காத அளவுக்கு மட்டும் தீயை வைத்திருந்தால் விறகு மிஞ்சும். பாஸ்தாவை இட்டவுடன் கிளறிவிட வேண்டும். இல்லையேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பாஸ்தா வெறும் மாவாக நின்றுவிட்டால் அது ரொட்டிக்கு மாற்று வடிவம் மாத்திரமே. 2016ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட நாடளாவிய கணிப்பில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். நாடு முழுவதற்குமான அளவோ ஆறில் ஒருவர்தான். பசி தீர்ந்துவிட்டால் மட்டும் பிள்ளை வளர்ந்துவிடாது. மாவுடன் புரதமும் இரும்புச்சத்தும் உயிர்ச்சத்துக்களும் சேர வேண்டும்.

ஆகவே குழம்பைப் பருப்பால் செய்யுங்கள். 100 கிராம் மைசூர்ப் பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்து நன்கு வேகவைத்துக் கொள்க. வெங்காயம், பூண்டு, பொடியாக நறுக்கிய கரட், லீக்ஸ் ஆகியவற்றைச் சிறிது எண்ணெயில் வதக்குக. கரட்டில் உள்ள சத்து உடலில் சேர எண்ணெய் துணைசெய்யும். பருப்பு வெந்த பின்னரே தக்காளியைச் சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்தால் அதன் புளிப்பு பருப்பை எளிதில் வேகவிடாது. நெத்தலிக் கருவாட்டைச் சுத்தம் செய்து வறுத்து இடித்துத் தூவினால் சுவையும் புரதமும் கூடும். பாஸ்தா வெந்த நீரில் ஒரு கரண்டி விட்டால் குழம்பு நாடாவில் நன்கு பற்றும்.

இறுதியாக ஒன்று. உணவோடு தேநீர் அருந்துவது நமது வழக்கம். தேயிலையின் துவர்ப்புப் பொருள், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கிறது. எனவே உண்டு ஒரு மணி நேரம் கழித்தே தேநீர் பருகுவது நலம். உணவில் சில துளி எலுமிச்சஞ்சாறு பிழிந்துகொண்டால் அவ்விரும்புச்சத்து எளிதாகச் சேரும்.

வேலை நாட்களில் இதற்கு நேரம் வாய்ப்பது அரிது. ஓய்வு நாளொன்றில் பிள்ளைகளையும் உடனிருத்தி நாடா வெட்டச் செய்யுங்கள். தாம் வெட்டியதைத் தாமே விரும்பி உண்பார்கள். கரட்டையும் பருப்பையும் ஒதுக்கிவைக்க மாட்டார்கள்.